அலாவின் மண்டபத்தில் அதிகாரிக்கும் இடம் உண்டு

1990 பிப்ரவரியில் நைஜீரியாவின் நுசுக்கா நகரில் உள்ள பல்கலைக்கழகம் நாவலாசிரியர் சினுவா அச்செபேக்கு மணிவிழா எடுத்தது. அவருக்கு அறுபது நிறைய இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அதற்குள்ளாகவே பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்து கூடிவிட்டார்கள். கருத்தரங்குக்கு 'இரோக்கோ மரத்தில் கழுகு' என்று பெயர் வைத்தார்கள். காட்டிலேயே உயரமான மரத்தில் கழுகு வந்து அமர்வது எப்போதாவது கிடைக்கும் காட்சி. அபூர்வமான ஒரு பெருமையைச் சொல்ல, அச்செபேயின் இனத்தவரான இக்போ மக்கள் அந்தக் காட்சியைச் சொல்வார்கள். அடுத்த மாதம் 22ஆம் தேதி நடந்த கார் விபத்தில் அச்செபேயின் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. சிகிச்சைக்காக இங்கிலாந்து போனவர் அங்கிருந்து அமெரிக்கா சென்றார். அவர் நிலைமைக்கு வேண்டிய மருத்துவ வசதி சொந்த நாட்டில் இல்லை. இடையில் ஓரிரு முறை வந்துபோனதைத் தவிர, 2013 மார்ச்சில் பாஸ்டனில் இறக்கும்வரை அயல்நாட்டிலேயே இருந்தார். கழுகு என்று கொண்டாடிய நாட்டால் அந்த மனிதரைத் தன்னிடம் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. இதைச் சொல்வது அந்தப் பல்கலைக்கழகத்தைக் குறை கூறுவதற்காக இல்லை. அதன் விழா மனமார நடந்த விழா. ஆனால் எழுத்தாளர் ஒருவரைக் கொண்டாடுகிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது அது உண்மையில் எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்ற கேள்வியை இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் சேர்ந்து எழுப்பிவிடுகின்றன.

நமக்குப் பழக்கமான பதில், கொண்டாட்டம் என்றால் புகழ்ச்சி என்பது. சாதனைகளை வரிசைப்படுத்துவது, மாலை போடுவது, கட்டடத்துக்குப் பெயர் வைப்பது. 'இலக்கியத்திலும் பொதுவாழ்விலும் அன்னார் விட்டுச்சென்ற மரபு' என்று தலைப்பு வைத்து, காலை அமர்வில் நாவல்கள், மதிய அமர்வில் பொதுப்பணி என்று பிரித்துக்கொள்வது. அச்செபே விஷயத்தில் இந்தப் பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. 1958இல் வெளிவந்த 'திங்ஸ் ஃபால் அபார்ட்' உலகமெங்கும் போயிற்று, என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்று தமிழுக்கும் வந்தது. 1962இல் தொடங்கிய ஹைன்மன் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசைக்கு அவர்தான் முதல் பொதுப் பதிப்பாசிரியர். 2007இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு. பொதுவாழ்வு என்று பார்த்தால் நைஜீரியாவிலிருந்து பிரிந்த பயாஃப்ராவின் தூதுவர், 1983இல் மக்கள் மீட்புக் கட்சியின் தேசியத் துணைத்தலைவர், நைஜீரிய எழுத்தாளர் சங்கத்தின் முதல் தலைவர். இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பட்டியலைப் படித்து முடிக்கும்போது மனிதர் நம் கையில் இருக்கமாட்டார். கொண்டாட்டம் என்பதைப் புகழ்ச்சியிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வாதிட்டவர்களில் அச்செபேயே முக்கியமானவர். அவரைப் புகழ்ந்து மட்டும் விட்டுவிடுவது அவர் சொன்னதைக் கேட்காமல் போவதற்குச் சமம்.

அந்த வாதத்துக்கு அவர் துணைக்கு அழைத்தது ஒரு மதச் சடங்கை. ஒவெரி பகுதி இக்போ மக்களிடம் எம்பாரி என்று ஒரு வழக்கம் இருந்தது. மண்ணின் தெய்வமான அலா, தனக்கு ஒரு மண்டபம் வேண்டும் என்று பூசாரி வழியாகக் கேட்பாள். ஊரிலிருந்து ஆண்களும் பெண்களும் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். அவர்கள் வேலியடைத்த ஓரிடத்தில் ஒதுங்கி, தேர்ந்த கலைஞர்களின் வழிகாட்டலில், கறையான் புற்றிலிருந்து எடுத்த மண்ணைக் குழைத்து மாதக்கணக்கில் உருவங்கள் செய்வார்கள். நடுவில் அலா அமர்ந்திருப்பாள்: மடியில் குழந்தை, கையில் வாள். அவளைச் சுற்றிப் பிற தெய்வங்கள், விலங்குகள், ஊர்க்கதைகளில் வரும் ஆட்கள், பிரசவிக்கும் பெண், நோயாளி, வெளியில் பேசக் கூசும் காட்சிகள்கூட உண்டு. ஆங்கில ஆட்சி வந்த பிறகு வெள்ளைக்கார மாவட்ட அதிகாரியும் தொப்பியோடு அந்த மண்டபத்துக்குள் வந்துவிட்டார். வரி கேட்டவர், சிறையில் போட்டவர், கிராமங்களைத் தண்டித்தவர். அவருக்கு எதற்கு அம்மன் மண்டபத்தில் இடம்? அச்செபே பிற்காலத்து உரை ஒன்றில் இதை எடுத்து விளக்கினார். இக்போ மக்கள் அந்த அதிகாரியை ஏற்றுக்கொண்டார்கள் என்று அதற்குப் பொருள் கிடையாது. வந்துவிட்ட ஒரு சக்தியைப் பார்க்காததுபோல் இருந்தால் அது வேறு வழியாகக் கலவரம் செய்யும். ஆகவே இருப்பதை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அதற்குரிய இடத்தில் வைக்கிறார்கள். அவர் பார்வையில் கொண்டாடுவது என்றால் இதுதான். நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுவது அதில் ஒரு பகுதி. முழு இருப்புக்கும் இடம் கொடுப்பதே அதன் சாரம்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அலா கலையின் தெய்வம் மட்டும் இல்லை, அறத்தின் காவலும் அவள்தான். கொலை, திருட்டு, தற்கொலை போன்ற பெருங்குற்றங்கள் மண்ணுக்கு எதிரான குற்றங்களாகவே பார்க்கப்பட்டன. சிற்பம் செய்ய ஆணையிடுபவளும் ஊர் நெறியைக் காப்பவளும் ஒருத்தியே. இந்தத் தெய்வத்தின் உலகத்திலிருந்து பார்த்தால் காலை அமர்வில் இலக்கியம், மதிய அமர்வில் பொதுவாழ்வு என்ற பிரிவினைக்கே இடமில்லை. நாவலாசிரியராக அச்செபேயை ஏற்றுக்கொள்வோம், அரசியல் மனிதராக அவரை ஒதுக்கிவிடுவோம் என்று சொல்பவர்கள் உண்டு. நேர்மாறாக, அவர் நாவல்களை ஒரு போராட்டத்தின் துண்டறிக்கைகளாக மட்டும் வாசிப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் வாளையும் குழந்தையையும் வெவ்வேறு சிலைகளின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 1966 ஜனவரியில் வெளிவந்த 'எ மேன் ஆஃப் த பீப்பிள்' ஓர் ஊழல் அமைச்சரின் கதையை இராணுவப் புரட்சியில் கொண்டுபோய் முடித்தது; அதே மாதத்தில் நைஜீரியாவில் உண்மையிலேயே இராணுவப் புரட்சி நடந்தது. எழுதியவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்குமோ என்று சந்தேகிக்கும் அளவுக்குப் போனார்கள். தெரிந்திருக்கத் தேவையே இல்லை. ஊர் நெறி எங்கே உடைகிறது என்று கவனித்துக்கொண்டிருந்த கண்தான் கதையையும் எழுதியது.

நினைவுகூர்வது எப்படி என்ற கேள்விக்கு அவருடைய முதல் நாவலான 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நூலின் கடைசிப் பக்கங்களே பதில் வைத்திருக்கின்றன. நாயகன் ஒக்கோன்குவோ தூக்கில் தொங்குகிறான். தற்கொலை மண்ணுக்குச் செய்த அருவருப்பு. ஆகவே சொந்தக் குலத்தார் அவன் உடலைத் தொடக் கூடாது, அந்நியர்கள்தான் இறக்கிப் புதைக்க வேண்டும். அவனுடைய நண்பன் ஒபியெரிகா மாவட்ட அதிகாரியைப் பார்த்துப் பேசுகிறான். அந்தச் சிறு பேச்சில் மூன்று விஷயங்கள் ஒன்றாக நிற்கின்றன. இறந்தவன் ஊரின் மிகப் பெரிய மனிதர்களில் ஒருவன் என்கிறான். அவனை இந்த முடிவுக்குத் தள்ளியது நீதான் என்று அதிகாரியிடமே குற்றம் சாட்டுகிறான். அப்படியிருந்தும் குலத்தின் சட்டத்தை அவன் மீறவில்லை. உடலை இறக்க அந்நியர்களைத்தான் கேட்கிறான். பாராட்டும் குற்றச்சாட்டும் நெறியும் ஒன்றை ஒன்று விழுங்காமல் ஒரே மூச்சில் வருகின்றன. அடுத்து அதிகாரி திரும்பி நடக்கிறார். தான் எழுதப்போகும் புத்தகத்தில் இந்த மனிதனைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதலாம் என்று நினைக்கிறார், பிறகு ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார். அவர் பொய் எழுதப்போகிறார் என்று நாவல் சொல்லவில்லை. தனக்கு வேண்டிய அளவுக்கு, தன் புத்தகத்தின் கட்டத்துக்குள் அடங்கும்படி எழுதப்போகிறார், அவ்வளவுதான். நாவல் முழுவதும் நம்மோடு வாழ்ந்த மனிதன் அங்கே ஒரு பத்தியாகிறான். விழா எடுக்கும் எந்த நிறுவனமும், அது எவ்வளவு அன்போடு எடுத்தாலும், இந்த அதிகாரியின் இடத்துக்கு எளிதில் வந்து சேரும். மலர் வெளியிடுவதும் பெயர்ப்பலகை திறப்பதும் வாழ்க்கையைப் பத்தியாக்கும் வேலைகள். ஒபியெரிகாவின் இடத்தில் நிற்பதற்குத்தான் முயற்சி வேண்டும்.

இதற்கு முதலில் வரக்கூடிய மறுப்பு நியாயமானது. நீங்கள் கேட்பது விமர்சனம். விமர்சனத்துக்கு வகுப்பறை இருக்கிறது, ஆய்விதழ் இருக்கிறது. விழா நாளில் மகிழ்ச்சிக்கு இடம் கொடுக்க வேண்டாமா? வேண்டும். எம்பாரி திறக்கும் நாள் ஊருக்கே விருந்து நாள், துக்க நாள் கிடையாது. எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பது என்றால் எல்லாவற்றையும் சமமாக எடை போடுவது என்றும் இல்லை. மண்டபத்தின் நடுவில் அலாதான் இருக்கிறாள், அதிகாரி இல்லை. எது மையம், எது ஓரம் என்பதில் அந்தக் கலைஞர்களுக்குக் குழப்பமே கிடையாது. அச்செபேயைக் கொண்டாடும்போதும் மையம் தெளிவு: ஆப்பிரிக்க மனிதனை முழு மனிதனாக ஆங்கில நாவலுக்குள் நடமாடவிட்ட எழுத்து அது. அந்த மையத்தில் நம்பிக்கை இருப்பவர்களுக்கு ஓரத்தில் உள்ளவற்றை மறைக்க வேண்டிய பயம் இருக்காது. குறையைச் சொன்னால் பெருமை சரிந்துவிடும் என்று ஒரு விழா அஞ்சினால், அந்தப் பெருமையை அது முழுதாக நம்பவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடுமையானது. என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியாதது. எம்பாரிக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. அலா கேட்டாள், அவளுக்காகச் செய்தார்கள். அங்கே வேலை செய்தவர் பிற்பாடு யாரிடமும் 'இது நான் செய்த உருவம்' என்று காட்டிப் பேசுவதே விலக்கு. தெய்வம் செய்வித்ததை மனிதர் தமதாக்கிக்கொள்ளலாகாது. பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தெய்வம் ஆணையிட்டது? அதற்கு நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள், தரவரிசை இருக்கிறது, 'இவர் எங்கள் ஆசிரியர்' என்று சொல்லிக்கொள்ளும் ஆசை இருக்கிறது. இபாதான், நுசுக்கா, ஆம்ஹர்ஸ்ட், பார்ட், பிரவுன் என்று எத்தனையோ வளாகங்கள் அச்செபேக்கு உரிமை கொண்டாடலாம். தெய்வ பயம் போன பிறகு சடங்கின் வடிவத்தை மட்டும் கடன் வாங்குவதால் என்ன பயன் என்ற கேள்வி வலுவானதுதான். நான் சொல்லக்கூடியது ஒன்று: அச்செபேயே இந்தக் கடனை வாங்கியவர். அவர் தந்தை இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பில் ஊர் ஊராகச் சென்று சமயம் போதித்தவர். ஞானஸ்நானத்தில் மகனுக்கு இட்ட பெயரில் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட்டின் பெயரும் சேர்ந்திருந்தது. அலாவை வழிபடும் வீட்டில் அவர் பிறக்கவில்லை. வழிபட்ட சுற்றத்தாரை எட்டி நின்று பார்த்து வளர்ந்தார். 1961இல் இபாதானில் இளம் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடித் தொடங்கிய மன்றத்துக்கு எம்பாரி என்ற பெயரை எடுத்துக் கொடுத்தவரும் அவரே. நம்பிக்கை கைவிட்டுப் போனாலும் அது பயிற்றுவித்த ஒழுங்கு மிச்சமிருக்கும், அதை வேறு நோக்கத்துக்கு நேர்மையாகப் பயன்படுத்த முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. ஆனாலும் எதையோ இழந்துதான் பயன்படுத்துகிறோம். தெய்வத்தின் இடத்தில் பல்கலைக்கழகம் வைக்கக்கூடியது திறந்த விவாதம் ஒன்றுதான். தன் செயலைத் தன்னுடையது என்று உரிமை பேசாமல் இருக்கும் அடக்கத்தை விவாதம் தானாகக் கொண்டுவந்துவிடாது. அதைத் தனியே பழக வேண்டும்.

விவாதம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மையில் அது எவ்வளவு கடினம் என்பதை அச்செபேயின் கடைசிப் புத்தகம் காட்டுகிறது. 2012இல் வந்த 'தேர் வாஸ் எ கன்ட்ரி' 1967 முதல் 1970 வரை நடந்த பயாஃப்ரா போரின் நினைவு. குண்டாலும் அதைவிட அதிகமாகப் பசியாலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணிக்கப்படும் போர் அது. கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ, அச்செபேயின் நெருங்கிய நண்பர், முதல் ஆண்டிலேயே களத்தில் இறந்தார். அச்செபே அந்தப் புத்தகத்தில், பட்டினியை ஆயுதமாக்கிய கொள்கைக்காகக் கூட்டாட்சி அரசின் தலைவர் யாகுபு கோவோன் மீதும், அன்று நிதிப் பொறுப்பில் இருந்த ஒபாஃபெமி அவோலொவோ மீதும் நேரடியாகக் குற்றம் சாட்டினார். அவோலொவோ யொருபா மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் தலைவர். புத்தகம் வந்ததும் யொருபா வாசகர்கள் பலர் கொதித்தார்கள்: பயாஃப்ரா தரப்பின் பிழைகளைப் புத்தகம் லேசாகக் கடந்துபோகிறது, ஒரு தலைவரின் முடிவுக்குப் பின்னால் அவர் இனத்தின் ஆசையைக் கற்பிக்கிறது என்றார்கள். இந்த எதிர்வினையில் காழ்ப்பும் இருந்தது, கனமான வாதமும் இருந்தது. அச்செபேயின் பெயரில் நடக்கும் விழா இந்தப் புத்தகத்தை என்ன செய்வது? நாவல்களை மட்டும் பேசித் தப்பித்துவிடலாம். அல்லது ஒரு முதியவரின் தனிப்பட்ட துயரம் என்று தலையைத் தடவி விட்டுவிடலாம். இரண்டுமே அவரை அவமதிப்பவை. அவர் அந்தக் குற்றச்சாட்டை விசாரணைக்குரிய குற்றச்சாட்டாகவே வைத்தார்; அதற்குரிய மரியாதை, அதைச் சோதித்துப் பார்ப்பதுதான். மாற்றுத் தரப்பின் குரலுக்கு மேடையில் இடம் கொடுப்பது பசியில் இறந்த குழந்தைகளின் உறவினருக்குச் செய்யும் துரோகம் ஆகாதா என்று கேட்பவர்களின் வலி பொய்யில்லை. ஆனால் இடம் கொடுப்பது மன்னிப்பதாகாது. எம்பாரியில் நின்ற அதிகாரியை யாரும் மன்னித்துவிடவில்லை.

அவர் பல்கலைக்கழகங்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதும் இதற்குத் துணை நிற்கிறது. 1975 பிப்ரவரி 18 அன்று ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்புரைக்கு அழைத்தது. ஆங்கிலத் துறைகள் எல்லாம் மகத்தான படைப்பு என்று கற்பித்துவந்த ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலை அவர் எடுத்துக்கொண்டார். ஆப்பிரிக்காவைப் பின்திரையாகவும் ஆப்பிரிக்கரை முகமற்ற உறுப்புகளாகவும் மாற்றும் ஒரு கதை மகத்தான கலையாக இருக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று தாமே பதிலும் சொன்னார். முழு இருப்புக்கும் இடம் கொடுக்கச் சொன்னவர் கான்ராடை மட்டும் வெளியே தள்ளவில்லையா என்று இங்கே ஒருவர் மடக்கலாம். தள்ளவில்லை. அந்த நாவலைத் தடை செய்ய வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. கவனமாகப் படியுங்கள் என்றுதான் கேட்டார். கான்ராட் கொண்டாடப்பட்ட மண்டபத்தில் அதுவரை விடுபட்டிருந்த உருவத்தை, படகுத்துறையிலும் ஆற்றங்கரையிலும் பேச்சற்று நின்ற அந்த ஆப்பிரிக்கர்களை, உள்ளே கொண்டுவந்து வைத்தார். அன்றைக்குக் கோபித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். இன்று அந்த உரையைச் சேர்க்காமல் அந்த நாவலைக் கற்பிக்கும் ஆசிரியர் குறைவு. ஒரு பல்கலைக்கழகம் தான் கொண்டாடும் எழுத்தாளரோடு சண்டை போட அனுமதித்ததால் அந்த எழுத்தாளரின் வாசிப்பு வளர்ந்தது, தேயவில்லை.

அரசு கொடுத்த மரியாதையை அவர் நடத்திய விதம் இன்னும் தெளிவானது. விருதே வேண்டாம் என்ற கொள்கைக்காரர் இல்லை அவர். 1979இல் நாட்டின் உயர்ந்த விருதுகளை ஏற்றுக்கொண்டவர். 2004இல் ஒபசான்ஜோ அரசு இன்னும் உயர்ந்த பட்டம் ஒன்றை அறிவித்தபோது மறுத்தார். தம் சொந்த மாநிலமான அனம்ப்ராவை ஒரு சிறு கும்பல் மேலிடச் செல்வாக்கோடு சூறையாடுவதைக் காரணமாகச் சொன்னார். 2011இல் குட்லக் ஜோனதன் அரசு அதே பட்டத்தை மீண்டும் அறிவித்தது. முன்பு சொன்ன காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று மீண்டும் மறுத்தார். கொண்டாட்டம் என்றால் புகழ்ச்சி என்று வைத்துக்கொண்டால் இது வீம்பாகத் தோன்றும். இருப்பதை ஒப்புக்கொள்வதே கொண்டாட்டம் என்றால் கதை வேறு: பட்டத்தின் பளபளப்புக்குப் பின்னால் அரசு மறைக்கப் பார்த்த ஒன்றை அவர் முன்னால் இழுத்து வைத்தார். 2013 மே மாதம் சொந்த ஊரான ஒகிடியில் அவரை அடக்கம் செய்தபோது அதே ஜோனதன் குடியரசுத் தலைவராக வந்து கலந்துகொண்டார். அதைச் சங்கடம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மறுக்கப்பட்ட பட்டத்தின் நினைவும் பட்டம் கொடுக்க முன்வந்தவரும் ஒரே தேவாலயத்தில் இருந்தது அந்த அடக்கத்துக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

எம்பாரியைப் பற்றி அச்செபே விடாமல் சொன்ன இன்னொன்று, கட்டி முடித்துக் கொண்டாடிய மண்டபத்தை யாரும் பராமரிப்பதில்லை என்பது. மழையில் கரையும், கறையான் அரிக்கும், காடு மூடும். பொருளைக் காப்பாற்றி வைத்தால் மீண்டும் செய்யும் உந்துதல் செத்துவிடும். ஆகவே பொருளை விட்டுவிட்டுச் செய்கையை வைத்துக்கொண்டார்கள் என்பது அவருடைய விளக்கம். ஆவணக் காப்பகம் வேண்டாம் என்று இதை வைத்துக்கொண்டு நான் வாதிடமாட்டேன். கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் காக்கப்பட வேண்டியவை. அவை இல்லாமல் நாளைய வாசகர் மீண்டும் செய்யவே முடியாது. ஆனால் அச்செபே யார் என்ற தீர்ப்பைக் கல்வெட்டாக்கிவிட்டு அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் உரிமை எந்தத் துறைக்கும் கிடையாது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக மண் குழைத்தாக வேண்டும். நுசுக்காவின் மணிவிழாவில் உருவான மண்டபத்தில் பயாஃப்ரா நினைவுப் புத்தகம் இல்லை, அரசின் பட்டத்தை இரண்டு முறை மறுத்ததும் இல்லை, சக்கர நாற்காலியில் கழிந்த இருபத்து மூன்று ஆண்டுகளும் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. நடக்காததை யாரும் வனைய முடியாதே.

ஆகவே அச்செபேக்கு விழா எடுக்கப்போகும் பல்கலைக்கழகங்களிடம் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. 'தேர் வாஸ் எ கன்ட்ரி' நூலால் கோபப்பட்ட ஒரு யொருபா வரலாற்றாசிரியரையும் அழையுங்கள். அவர் பேசி முடித்ததும் நன்றியுரைக்குப் போகாமல், பயாஃப்ராவில் பிள்ளையை இழந்த குடும்பத்திலிருந்து ஒருவர் அவருக்கு எதிரே எழுந்து நின்று கேள்வி கேட்க நேரம் ஒதுக்குங்கள். மாணவர்கள் அச்செபேயோடும் சண்டை போடட்டும். அவருடைய ஆரம்பகால நாவல்களில் பெண்களின் குரல் ஏன் இவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்ற கேள்வியை ஆப்பிரிக்கப் பெண் எழுத்தாளர்களும் விமர்சகர்களும் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். அதற்கும் காலை அமர்விலேயே இடம் கொடுங்கள்.